கொசுவத்தி இல்லீங்க, இது கணக்கு!

"எங்க ஸ்கூல் பஸ் நம்பர் ஏழு. டிரைவர் அங்கிள் வருஷம் பூரா ஒரே கேசட்டத்தான் போடுவார். ஹவல்லி ரவுண்டானா பக்கத்துல ஏறின யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மனுஷன் இப்படி ஒரு கேள்வியை இணையத்தில் போட்டுவிட்டு, பதில் வருதா வருதா என்று ராத்திரி முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் என்ன சொல்வார்கள்? "வேலையத்த வேலை" என்பார்கள். கொஞ்சம் நாகரிகமானவர்கள் "கொசுவத்தி சுத்துறான்" என்பார்கள். சினிமாவில் பழைய கதை ஆரம்பிக்கும்போது திரையில் வட்டம் வட்டமாகச் சுத்துமே, அந்தக் கொசுவத்தி. வீட்டுக்காரம்மா "கரெண்டு பில்லு கட்டியாச்சா?" என்பார். பிள்ளைகள் "அப்பா, க்ரிஞ்ச்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் :-)

இந்தக் கிண்டல் தப்பு. அநியாயமும் கூட. வளைகுடாவில் பள்ளிக்கூடம் படித்துவிட்டுச் சிதறிப்போன பிள்ளைகள் பழைய தோழர்களைத் தேடுவது வெறும் ஏக்கம் அல்ல. காணாமல் போன ஒரு கணக்குப் புத்தகத்தைத் திரும்ப எழுதும் வேலை அது. அதைப் புரிந்துகொள்ளாத ஊரைத்தான் முதலில் திட்ட வேண்டும். அதே நேரத்தில், இத்தனை முக்கியமான கணக்கை யாரோ ஒரு கம்பெனி நடத்தும் தளத்தில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் அந்தப் பிள்ளைகளையும் நாலு வார்த்தை கேட்க வேண்டும். இரண்டையும் பார்த்துவிடலாம்.

டாட்டா சொல்லாத வகுப்பு

குவைத்தை எடுத்துக்கொள்வோம். 1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. இராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அப்போது அங்கே இருந்த இந்தியர்கள் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர். கோடை விடுமுறை நேரம். வகுப்பில் பாதிப் பேர் அப்பாவின் கம்பெனி கொடுத்த டிக்கெட்டில் சொந்த ஊருக்கு வந்திருந்தார்கள். மீதிப் பேர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வந்த வழி சின்ன வழி இல்லை. காரிலும் பஸ்ஸிலும் பாஸ்ரா, பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லை. பாலைவனத்தில் கூடாரங்கள். அதற்குப் பிறகு அம்மான் நகரத்திலிருந்து விமானம். அன்றைய வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைப் பார்த்தார். ஏர் இந்தியா 59 நாட்களில் 488 விமானங்களை ஓட்டி, 1 லட்சத்து 11 ஆயிரம் பேருக்கு மேல் கொண்டுவந்து சேர்த்தது. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை அது. 2016ல் இதை வைத்து 'ஏர்லிஃப்ட்' என்று இந்திப் படமே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தட்ட வேண்டியதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. விடுமுறைக்கு முந்தின கடைசி நாள் அந்தப் பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் என்ன சொல்லியிருப்பார்கள்? "லீவு முடிஞ்சு பாக்கலாம்" என்றுதான். யாருமே விடைபெறவில்லை. ஆட்டோகிராப் நோட்டு சுற்றவில்லை. முகவரி வாங்கவில்லை. எதற்கு வாங்க வேண்டும், செப்டம்பரில் அதே பெஞ்சில்தானே உட்காரப் போகிறோம்? அந்த செப்டம்பர் வரவே இல்லை. ஒருத்தன் திருச்சியில் நடுவருஷத்தில் போய்ச் சேர்ந்தான், ஒருத்தி கோட்டயத்தில், இன்னொருத்தன் மங்களூரில், வேறொருத்தி கொழும்பில். 1991 பிப்ரவரி கடைசியில் குவைத் விடுபட்டது, பள்ளிகள் மறுபடி திறந்தன, சிலர் திரும்பிப் போனார்கள். ஆனால் பழைய வகுப்பு பழைய வகுப்பாக மறுபடி கூடவில்லை.

இது போர்க்காலக் கதை மட்டும்தானே என்று கேட்பீர்கள். இல்லை. போர் இல்லாத வருஷத்திலும் அப்பாவின் வேலை போனால் இக்காமா போகும், இக்காமா போனால் வீடு போகும், பள்ளிக்கூடம் போகும். கஃபீல் கையெழுத்துப் போட மறுத்தால் குடும்பமே மூட்டை கட்ட வேண்டும். 2020லும் பார்த்தோமே. கொரோனாவில் வேலை இழந்த குடும்பங்கள் மே 7ஆம் தேதி தொடங்கிய வந்தே பாரத் விமானங்களில் ஊர் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் கடைசியாகத் தோழர்களைப் பார்த்தது கம்ப்யூட்டர் திரையில், ஒரு சின்னக் கட்டத்துக்குள். அங்கேயும் யாரும் டாட்டா சொல்லவில்லை.

சேரனுக்கும் ராமுக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது

"பழைய ஃப்ரெண்ட்ஸைத் தேடுறது எல்லாருக்கும் உள்ளதுதானே, இதுல வளைகுடாப் பிள்ளைக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. சினிமாவை வைத்தே பதில் சொல்லலாம்.

2004ல் சேரனின் 'ஆட்டோகிராப்' வந்தது. கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பழைய ஊருக்கும் பழைய ஆட்களிடமும் போகிறான் நாயகன். 2018ல் '96'. ராம் தஞ்சாவூர் வழியாகப் போகும்போது படித்த பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறான், உள்ளே போகிறான், அதற்குப் பிறகுதான் வாட்ஸப் குழு, ரீயூனியன், ஜானு எல்லாம். இரண்டு படத்திலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது. ஊர் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார். காரை நிறுத்தினால் போதும்.

குவைத்தில் படித்தவன் எங்கே காரை நிறுத்துவது? விசா வேண்டும். அவன் அங்கேயே பிறந்திருந்தாலும் வேண்டும். குவைத்தின் குடியுரிமைச் சட்டம் 1959ஆம் வருஷத்தது. அதன்படி குடியுரிமை அப்பா வழியாக வருவது, மண் வழியாக வருவதில்லை. சால்மியாவில் பிறந்து, சால்மியாவில் நடை பழகி, சால்மியாவில் பத்து வருஷம் படித்தாலும் அந்தப் பிள்ளை அங்கே விருந்தாளி கூட இல்லை. அப்பாவின் வேலை ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வரி, அவ்வளவுதான். ஒப்பந்தம் கிழிந்தால் அந்த வரியும் கிழியும்.

சரி, சொந்த ஊரிலாவது இடம் இருக்கிறதா? "நீ எந்த ஊரு?" என்றால் அப்பாவின் ஊரைச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் அவன் லீவுக்கு வந்து போன பையன். "குவைத்காரர் மகன்". வந்த புதிதில் தமிழ் எழுத வராது, கூட்டுப் பெருக்கலுக்குத் தமிழில் பெயர் தெரியாது, "சார்" என்று கூப்பிட வேண்டிய இடத்தில் "மிஸ்" என்று சொல்லிச் சிரிப்பு வாங்குவான். அங்கே அந்நியன், இங்கே விருந்தாளி. இரண்டு இடத்திலும் அவன் வளர்ந்த வருஷங்களுக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை, கூடப் படித்த முப்பது நாற்பது பேரைத் தவிர. அந்த முப்பது நாற்பது பேரும் இன்று எத்தனையோ நேர மண்டலங்களில் கிடக்கிறார்கள்.

ராம் தேடியது ஜானுவை. இவன் தேடுவது தஞ்சாவூரையே! இரண்டும் ஒன்றா?

நஷ்ட ஈட்டுப் படிவத்தில் இல்லாத பத்தி

"பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு" என்று சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்குப் பாதி உண்மை தெரியும். கட்டடம் கட்டப் போன தொழிலாளி தன் பிள்ளையை அங்கே கூட்டிப் போக முடியாது. குடும்ப விசாவுக்குச் சம்பள வரம்பு உண்டு. ஆகவே அங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் ஓரளவு வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான். மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடுகள் 1990ல் என்ன ஆயின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் இல்லையா? கணக்கு எழுதும் அப்பா, நர்ஸ் வேலை பார்க்கும் அம்மா, வங்கியில் கிடந்த சேமிப்பு, வாடகை வீட்டில் இருந்த சாமான், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு பையோடு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

இதற்கு நஷ்ட ஈடும் வந்தது. 1991ல் ஐ.நா. பாதுகாப்புக் குழு ஓர் ஆணையத்தை அமைத்தது. இராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. 1990 ஆகஸ்ட் 2 முதல் 1991 மார்ச் 2 வரை குவைத்தையோ இராக்கையோ விட்டுப் போக வேண்டி வந்தவர்களுக்கு முதல் பிரிவு. தனி ஆளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000. வேறு பிரிவில் எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் 4,000, 8,000. சொத்து நஷ்டத்துக்குத் தனிப் பிரிவு, கம்பெனிகளுக்குத் தனிப் பிரிவு, அரசாங்கங்களுக்குத் தனிப் பிரிவு. எண்ணெய்க் கிணறுகள் எரிந்ததற்காக குவைத் பெட்ரோலியம் கார்ப்பரேஷனுக்கு மட்டும் 1,470 கோடி டாலர். மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணை 2022 ஜனவரியில் தீர்ந்தது. போர் முடிந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் கணக்கை விடவில்லை, பாராட்ட வேண்டும்.

அந்தப் படிவங்களில் ஃபிரிட்ஜுக்கு இடம் இருந்தது, காருக்கு இடம் இருந்தது. ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு இடம் இல்லை. இருந்திருக்கவும் முடியாது, அதற்கு விலை போட எந்த ஆடிட்டராலும் ஆகாது. அதற்காக அது நஷ்டமே இல்லை என்று ஆகிவிடுமா? விலை போட முடியாத நஷ்டத்தை நஷ்டப்பட்டவனே தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அதைத்தான் அந்த மனுஷன் ராத்திரி போனை வைத்துக்கொண்டு செய்கிறார்.

ஒற்றைப் பதிவும் இரட்டைப் பதிவும்

காமர்ஸ் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும் முதல் பாடம், இரட்டைப் பதிவு முறை. 1494ல் வெனிஸ் நகரத்தில் லூகா பாசியோலி என்கிற துறவி அச்சில் போட்ட முறை. ஒவ்வொரு வரவுக்கும் எதிரில் ஒரு பற்று இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கு இல்லை, வெறும் குறிப்பு. எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஞாபகமும் அப்படித்தான். ஊரிலேயே வளர்ந்தவனுக்கு அவன் சின்ன வயசைச் சரிபார்க்க நூறு பேர் இருக்கிறார்கள். பாட்டி, பக்கத்து வீடு, டீக்கடை. வளைகுடாவில் வளர்ந்தவனுக்கு அம்மா அப்பாவை விட்டால் கூடப் படித்தவர்கள் மட்டும்தான். "பஸ் நம்பர் ஏழு" என்று இவன் எழுதுகிறான். மூணு நாள் கழித்து கனடாவிலிருந்து ஒருத்தி "ஏழு இல்லடா, ஒன்பது. கேசட்டு மட்டும் உண்மை" என்று எழுதுகிறாள் என்று வையுங்கள். இவனுக்கு எவ்வளவு சந்தோஷம் வரும்! தப்பைச் சுட்டிக்காட்டியதற்கா சந்தோஷம்? ஆமாம். தப்பு என்று சொல்ல ஒருத்தி இருக்கிறாள் என்றால் அந்த பஸ் நிஜமாகவே ஓடியது என்று அர்த்தம். அந்த வருஷங்கள் இவன் கற்பனை இல்லை என்று அர்த்தம். கணக்கு டேலி ஆகிறது.

இதைப் போய்க் கொசுவத்தி என்பதா?

இனிஷியலில் மாட்டிய தேடல்

"இப்பதான் இன்டர்நெட் இருக்கே, பேரைத் தட்டினா வந்துடப் போறாங்க" என்கிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். தமிழ்ப் பிள்ளையின் பெயரை இணையத்தில் தேடுவது தனிக் கொடுமை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரை எழுதிவிடுவார்கள். அங்கே வருகைப் பதிவேட்டில் பையனுடைய பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து முழு நீளத்தில் இருக்கும். டீச்சர் கூப்பிட்டது சில சமயம் அப்பாவின் பெயரை! ஊருக்கு வந்ததும் அப்பா ஓர் இனிஷியலாகச் சுருங்கிவிடுவார். பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனதும் இனிஷியலே மாறும். அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வந்து உட்காரும். ஆங்கில எழுத்துக் கூட்டல் நியூமராலஜிக்காரர் கையில் வேறு மாறும்.

ஆக, ஐந்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் அன்றைய பெயரில் இன்று உலகத்தில் யாருமே இல்லை. எந்தத் தேடுபொறியாலும் கண்டுபிடிக்க முடியாது. பழைய பெயரும் புதிய பெயரும் தெரிந்த ஓர் ஆள் நடுவில் இருந்தால்தான் சங்கிலி சேரும். தேடித் தருவது இயந்திரம் அல்ல, சக தோழர்கள். இதை அழுத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் புண்ணியத்தை எல்லாம் கம்பெனிகள் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கின்றன.

கம்பெனியின் பேரேடு

இனி அடுத்த தரப்புக்கு வருவோம். தேடுகிற பிள்ளைகளுக்கு.

2004 ஜனவரியில் ஆர்குட் வந்தது. இந்தியாவும் பிரேசிலும் அதில் குடியேறின. பள்ளிக்கூடத்தின் பெயரில் ஒரு குழு, அதற்குள் "92 பேட்ச் யாராவது இருக்கீங்களா?" என்று ஓர் இழை, கீழே ஸ்கிராப்புகள். எத்தனை பேர் எத்தனை பேரை அங்கே கண்டுபிடித்தார்கள்! 2014 செப்டம்பர் 30ஆம் தேதி கூகிள் கடையைச் சாத்தியது. அவரவர் விவரத்தை இறக்கிக்கொள்ள இரண்டு வருஷம் கொடுத்தார்கள். குழுக்களைச் சில காலம் காட்சிக்கு வைத்தார்கள். பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள்.

யாஹூ குழுக்கள்? அதற்கும் முந்தின தலைமுறையின் திண்ணை அது. பழைய மடல்களை எல்லாம் அழிக்கப்போகிறோம் என்று 2019 அக்டோபரில் அறிவித்தார்கள். 2020 டிசம்பர் 15ல் முழுசாக மூடிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் ஃப்ரெண்ட்ஸ் ரீயுனைடெட் என்று ஒன்று. பழைய பள்ளித் தோழர்களைத் தேடுவதற்கென்றே 2000ல் தொடங்கியது. 2005ல் ஐடிவி அதை 12 கோடி பவுண்டுக்கு வாங்கியது. நாலே வருஷத்தில், 2009ல், 2.5 கோடி பவுண்டுக்குத் தள்ளிவிட்டது. 2016ல் மூடுவிழா. இதை ஒரு மாணவனிடம் கணக்காகக் கொடுத்தால் நஷ்டம் 9.5 கோடி பவுண்டு என்று எழுதி மார்க் வாங்கிவிடுவான். அந்தத் தளத்தில் தங்கள் வகுப்பைத் தேடி எழுதியவர்களின் நஷ்டம் எந்தப் பத்தியிலும் வராது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் அழகு. கிளாஸ்மேட்ஸ் என்ற தளம் "உங்கள் பழைய தோழர் உங்களைத் தேடுகிறார், யார் என்று பார்க்கப் பணம் கட்டுங்கள்" என்று மடல் அனுப்பியது, பணம் கட்டிப் பார்த்தால் தெரிந்தவர் யாருமே இல்லை என்று 2008ல் ஒரு வாடிக்கையாளர் வழக்குப் போட்டார். ஏக்கத்துக்கு விலைப்பட்டியல் போட்டால் இப்படித்தான் இருக்கும்.

இப்போது எல்லோரும் வாட்ஸப்பில் இருக்கிறார்கள். 2014ல் ஃபேஸ்புக் அதை வாங்கச் சம்மதித்த விலை 1,900 கோடி டாலர். அந்த விலை எதற்கு? பச்சை நிற ஐகானுக்கா? உங்கள் குழுவில் உள்ள நாற்பது பேர் மாதிரி கோடிக்கணக்கான நாற்பது பேருக்கு. கம்பெனியின் பேரேட்டில் நீங்கள் சொத்து. உங்கள் பேரேடு எங்கே என்று கேட்டால் கையை விரிக்கிறீர்கள். ஒருமுறை இக்காமா ரத்தாகி எல்லாவற்றையும் இழந்த பிள்ளைகள், மறுபடியும் யாரோ ஒரு கஃபீலின் தயவில் போய்க் குடியிருக்கலாமா? இந்தக் கஃபீலும் ஒருநாள் கையெழுத்துப் போட மாட்டான். ஆர்குட் போட்டதா?

குட் மார்னிங் ரோஜாப்பூ

சரி, குழுவுக்குள்தான் என்ன நடக்கிறது? முதல் வாரம் கண்ணீர். "டேய் நீயாடா!" இரண்டாவது வாரம் பழைய குரூப் போட்டோ, யார் யார் என்று வட்டம் போடுவது. மூணாவது வாரம் யாருக்கு எத்தனை பிள்ளை, யார் எந்த நாட்டில். நாலாவது வாரத்திலிருந்து காலையில் ரோஜாப்பூ, ராத்திரி நிலா, நடுவில் அரசியல் ஃபார்வர்டு. தேர்தல் வந்தால் சண்டை. கொஞ்ச நாளில் "நம்ம ஆளுங்க மட்டும்" என்று மலையாளத்துக்கு ஒரு கிளை, தமிழுக்கு ஒரு கிளை. கோவாக்காரனும் குஜராத்திப் பெண்ணும் இலங்கைப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த வகுப்பு அது! வளைகுடா அரசாங்கங்கள் தேசம் பார்த்துச் சம்பளம் போடுவதைக் குறை சொல்கிறவர்களே நாற்பது பேரை நாலாகப் பிரித்தால் எப்படி?

இன்னொன்று. அந்த பஸ் டிரைவர், ஆயாம்மா, கேன்டீனில் சமோசா விற்றவர், இவர்களை யார் தேடுகிறார்கள்? டீச்சர்களையாவது சிலர் தேடுகிறார்கள். மற்றவர்களின் பெயரைக் கூட யாரும் எழுதி வைக்கவில்லை. ஞாபகம் இருக்கிறவர்கள் இப்போதே எழுதாவிட்டால் அப்புறம் எழுத ஆள் இருக்காது. 1990ல் பத்து வயசு என்றால் இன்று தலை நரைத்திருக்கும். அன்றைய டீச்சர்களில் பலர் இன்று இருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது பெரிய விஷயம் இல்லை

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அல்லது ஒரு எக்ஸெல் தாள். வகுப்பு, பிரிவு, வருஷம். அன்று பதிவேட்டில் இருந்த பெயர், இன்றைய பெயர். எந்த மாதம் கிளம்பினார்கள், எந்த வழியாக வந்தார்கள், எந்த ஊரில் சேர்ந்தார்கள். பஸ் நம்பர், அதில் ஒத்துப்போகாதவர் யார். பழைய போட்டோ, பின்பக்கத்தில் எழுதிய பெயர்களோடு. குழுவில் வந்து விழும் ஒவ்வொரு ஞாபகமும் யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற குறிப்போடு அதில் ஏற வேண்டும். மூணு பேரிடம் மூணு பிரதி. ஒன்று காகிதத்தில், ஏனென்றால் காகிதத்தை யாரும் ஒரு சுற்றறிக்கை போட்டு அழிக்க முடியாது.

அதில் ஒரு கண்டிஷன். எல்லோரும் அகப்பட விரும்ப மாட்டார்கள். விவாகரத்து, கடன், மதம் மாறியது, குடும்பத்தை விட்டு வந்தது, எதுவாகவும் இருக்கலாம். எதுவும் இல்லாமல் "வேண்டாம்" என்று சும்மாவும் சொல்லலாம். ஒருத்தி "என்னைச் சேர்க்காதே" என்றால் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். அன்றைய பெயருக்கு எதிரில் இன்றைய பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கட்டும். போன் நம்பரையும் முகவரியையும் பொதுவில் போடுவது கூடவே கூடாது. "உன் பழைய கிளாஸ்மேட், அவசரமா இருபதாயிரம் அனுப்பு" என்று ஆள்மாறாட்டம் பண்ணுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. பள்ளிக்கூடத்துப் பதிவேடு போலீஸ் பதிவேடு ஆகிவிடக் கூடாது.

இப்போது வளைகுடாவில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். "எங்களுக்கு இன்ஸ்டா இருக்கு, நாங்க தொலைய மாட்டோம்" என்று நினைப்பு இருக்கும். ஆர்குட்டில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அப்பாவுக்கு எப்போது டெர்மினேஷன் கடிதம் வரும் என்று யாருக்குத் தெரியும்? இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்து வகுப்பில் சுற்றவிடுங்கள். அப்பா அம்மாவின் சொந்த ஊர் முகவரியோடு, அவர்கள் சம்மதத்தோடு, எழுதி வாங்குங்கள். பழைய காலத்து ஆட்டோகிராப் நோட்டுதான். அது பைத்தியக்காரத்தனம் இல்லை.

கிண்டல் செய்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் அப்படி ஒருத்தர் ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் "வேலையத்த வேலை" என்று சொல்வதற்கு முன்னால், பஸ் நம்பர் ஏழா ஒன்பதா என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அரைமணி நேரம் ஆகும். ஆகட்டும். கேட்டுவிட்டு அதை எழுதியும் வையுங்கள்.